முகத்தைக் கேட்டு வந்தவள்

செத்துப்போன ஒருத்திக்குப் பல் செட் கட்ட முடியுமா என்று போனில் கேட்டால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். பல்லக்காவுக்கு வரவில்லை. கேட்டது அவளுடைய நாத்தனார். நாத்தனார் எதை வைத்து வேண்டுமானாலும் விளையாடுவாள், பிணவறை வேலையை வைத்து மட்டும் விளையாட மாட்டாள்.

"நான் வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். போன வாரப் பகுதியில் அவளை நாம் விட்டது அந்த இடத்தில்தான். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் தூங்கவில்லை.

பல்லக்கா என்ற பெயரை வைத்தது தெரு. வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. பல் டாக்டர்கள் வாயின் அச்சை அனுப்புவார்கள்; சில நேரம் ஆளை அனுப்பி அவளையே அச்சு எடுக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்து இவள் செட் கட்டிக் கொடுப்பாள். சுவர் அலமாரி முழுக்க வெள்ளை பிளாஸ்டர் வாய்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

அந்த முன்னறைக்குத்தான் இப்போது ஆபத்து. அவள் கணவர் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. தெருவுக்கு இன்னும் அவர் டிரைவர்தான். முன்னறையை ஜெப அறையாக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை பிற்பகல் போதகர் வந்து ஜெபம் செய்து திறந்துவைப்பார். அதற்குள் பெஞ்சும் அடுப்பும் அலமாரியும் வெளியே போயாக வேண்டும்.

பல்லக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு ஓர் அறை கேட்கிறார் மனிதர். இல்லையென்று எந்த வாயால் சொல்வது?

விடிந்தது சனிக்கிழமை.

*

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்கோடியில் இருந்தது. வெளியே வெயில் காய்ந்தது. கதவைத் தாண்டியதும் குளிர் கணுக்காலைப் பிடித்தது. தரை ஈரமாக இருந்தது. குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரே சீராக வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மோட்டார் முனகியது.

நாத்தனார் ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.

"வாங்க அண்ணி. பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. என் ஆளுங்க சாதுங்க. இதுவரைக்கும் ஒருத்தர் கூட என்மேல புகார் சொன்னதில்லை."

"பயமெல்லாம் இல்ல" என்றாள் பல்லக்கா. கொண்டு வந்த அச்சுப் பெட்டியைத் திறந்தாள்.

"முந்தாநாள் கொண்டு வந்தாங்க. நம்ம ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ல ஒரு பெஞ்சு இருக்கில்ல, அதுல உக்காந்தபடியே போயிட்டாங்க. யாரும் கவனிக்கல. கையில இருந்த பையை எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். வாயில பல்லும் இல்லை, செட்டு அந்தப் பையோட போயிருக்கும்."

"சொந்தக்காரங்க?"

"அதுதான் அண்ணி விஷயம். அம்மாவைக் காணோம்னு ஒருத்தர் போலீஸ்ல சொல்லியிருக்காரு. வெல்டர் வேலை பாக்கறவரு. நேத்து கூட்டிட்டு வந்தாங்க. முதல்ல கை மட்டும்தான் துணிக்கு வெளிய இருந்துச்சு. அதைப் பாத்ததும் அந்த மனுஷன் பொலபொலன்னு அழுதுட்டாரு. அப்புறம் நான் முகத்துத் துணியை எடுத்தேன். அவ்வளவுதான். அழுகை நின்னுபோச்சு. 'இது எங்கம்மா இல்லை'ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு."

"வேற யாராவதா இருக்கலாமே?"

"கை பொய் சொல்லாது அண்ணி. முகம்தான் காணாமப் போச்சு." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குச் சாயங்காலம் அநாதைப் பிணம் எடுக்கிற வண்டி வரும். ஏத்திட்டாங்கன்னா ஒரு நம்பர் போட்டுப் புதைச்சிருவாங்க. ஜெபம் கிடையாது, அழ ஆள் கிடையாது. இன்னொரு தடவை வந்து பாருங்கன்னு அந்த வெல்டர்கிட்ட கெஞ்சி வச்சிருக்கேன். அதுக்குள்ள இவங்களுக்கு முகத்தைக் குடுங்க."

துணியை விலக்கினாள்.

பல்லில்லாத வாய் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. கன்னம் இரண்டும் குழி. மூக்கும் தாடையும் ஒன்றையொன்று தொடப் பார்த்தன. வயதான ஒருத்தியின் முகம் என்பதற்கு மேல் அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. உலகத்தில் எல்லாக் கிழவிகளும் சேர்ந்தால் வருகிற முகம்.

"குளிப்பாட்டிட்டியா?"

"காலையிலயே. தலையும் வாரிவிட்டேன். ஏனோ தெரியல, இவங்களுக்கு மட்டும் ரொம்ப நேரம் ஆச்சு. முடி சிக்கே இல்ல, ஆனாலும் வாரிக்கிட்டே இருந்தேன்."

விறைப்பு தளர்ந்திருந்ததால் வாய் திறந்தது. பல்லக்கா அச்சு மாவைக் குழைத்தாள். எத்தனையோ வாய்களில் கை வைத்தவள்தான். ஆனால் உயிருள்ள வாய் சும்மா இருக்காது. நாக்கு தள்ளும், தொண்டை குமட்டும், மூச்சு விரலைச் சுடும். இந்த வாய் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. மாவை அழுத்தினாள். விரலுக்கு அந்தப் பக்கம் குளிரைத் தவிர ஒன்றும் இல்லை. மாவு இறுகுவதற்கு அந்தக் குளிரில் வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. அதுவரை தாடையை ஏந்திக்கொண்டு அவள் நின்றாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சுவது போல இருந்திருக்கும்.

கடைசியில் அச்சை இழுத்தாள். அது கழன்று வந்தபோது, அந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ம்."

பல்லக்கா பின்னால் போய்ச் சுவரில் மோதிக்கொண்டாள்.

"காத்து அண்ணி" என்றாள் நாத்தனார். "உள்ள நின்ன காத்து வெளிய வரும். எனக்குப் பழகிப்போச்சு."

காற்றாகத்தான் இருக்கும். ஆனால் பல்லக்காவின் காதில் அது காற்றாக விழவில்லை. யாரோ கூப்பிட, படுத்திருந்தவள் பதில் சொன்ன மாதிரி விழுந்தது.

அச்சுகளை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். வாசல் வரை வந்த நாத்தனார் சொன்னாள்: "மெழுகுலயே பல்லை நட்டுக் குடுத்தாலும் போதும் அண்ணி. அந்த மனுஷன் ஒரே ஒரு பார்வை பாத்தாப் போதும். அப்புறம் மண்ணுக்குள்ள யாரு பாக்கப்போறா?"

*

வீட்டுக்கு வந்ததும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றினாள். டிரைவர் போதகரைப் பார்க்கப் போயிருந்தார். கூடத்தில் புது நாற்காலிகள் வந்து அடுக்கியிருந்தன.

வேலைக்கு உட்காரும்போது பல்லக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெஞ்சுக்கு எதிரே பழைய பிரம்பு நாற்காலி ஒன்று கிடக்கும். அதில் ஆண்டவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு வாடிக்கையாளர் அவர்தான். அவர் வாய்க்குத்தான் இந்தச் செட். கட்டி முடிக்கிற வரை அவர் எழுந்து போகமாட்டார். இந்த நினைப்பைக் கல்யாணமான நாளிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. இயேசுவுக்குப் பொக்கை வாயா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளுக்கே சில நாள் சிரிப்பு வரும். ஆனால் அந்த நினைப்பு வந்துவிட்டால் கை ஏமாற்றாது. செட்டின் உட்பக்கத்தை, ஈறோடு ஒட்டிக்கொள்கிற, ஒருத்தர் கண்ணிலும் படாத பக்கத்தை, நக்குகிற நாக்குக்கு உறுத்தாத அளவு வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

"இன்னிக்கும் உட்காருங்க ஆண்டவரே" என்று மனசுக்குள் சொன்னாள்.

பிரம்பு கிறீச்சென்றது.

யாராவது பாரத்தை இறக்கி உட்கார்ந்தால் வருகிற சத்தம். பல்லக்கா நிமிரவில்லை. நிமிர்ந்தால் நாற்காலி காலியாக இருக்கும் என்று பயந்தாளா, காலியாக இருக்காது என்று பயந்தாளா, அவளுக்கே தெரியவில்லை. குனிந்தபடியே பிளாஸ்டரை அச்சிலிருந்து பிரித்தெடுத்தாள்.

மேல் அண்ணம் கையில் இருந்தது. அண்ணத்தின் முன்பகுதியில் வரிவரியாக மேடுகள் ஓடும். ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி. அவள் அதன்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் நின்றது.

இந்த வரிகளை அவள் முன்பே தடவியிருக்கிறாள்.

ஒரு மேடு இடப்பக்கம் கிளம்பி, நடுவில் இரண்டாகப் பிரிந்து, மீன்வால் மாதிரி விரிந்தது. அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். வீட்டு ஆட்களின் வாய்கள் கடைசித் தட்டில் இருந்தன. கடைவாய்ப்பல் உடைந்தபோது நாத்தனாருக்கு எடுத்த அச்சு ஒன்று அங்கே இருந்தது. தூசியை ஊதிவிட்டு இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தாள்.

அதே மீன்வால். அதே இடத்தில்.

 நாத்தனாரைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது இந்த வீட்டில் சுவரில் எழுதாத குறையாக எல்லோருக்கும் தெரிந்த கதை. மாமனார் சொன்னது; டிரைவர் சொன்னது. அம்மாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. துக்கம் தாங்காமல் எரித்துவிட்டதாகச் சொல்வார்கள்.

'ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாத்தனாரின் அச்சைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மெழுகைச் சூடாக்கினாள். பற்களை ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தாள்.

வேலை ஓடியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் ஓட்டியதாகத் தெரியவில்லை. கை எடுத்தது, வைத்தது, திருப்பியது. மேல் வரிசை முடிந்து தூக்கிப் பார்த்தபோது திடுக்கிட்டாள். இடப்பக்கக் கோரைப்பல் வரிசையை விட்டு வெளியே எகிறி நின்றது. தெத்துப்பல்.

இத்தனை வருஷத்தில் அவள் கோணலாக ஒரு பல்லை நட்டதில்லை. சூடான கத்தியால் மெழுகை இளக்கி, பல்லை வரிசைக்குள் தள்ளினாள். கீழ் வரிசையை முடித்துவிட்டு மறுபடி மேல் வரிசையைக் கையில் எடுத்தாள். பல் வெளியே எகிறித்தான் நின்றது. மெழுகு ஆறும்போது இழுத்திருக்கும். இன்னொரு தடவை தள்ளினாள். அவள் கண்ணெதிரிலேயே மெழுகு மெல்லச் சுருங்கி, பல் திரும்பிக்கொண்டது.

எதிரே பிரம்பு மறுபடி கிறீச்சென்றது.

"சரி" என்றாள் பல்லக்கா, உரக்க. "அப்படியே இருக்கட்டும்."

மெழுகோடு நிறுத்தியிருக்கலாம். நாத்தனார் அதுதான் போதும் என்றாள். ஆனால் எதிரே நாற்காலி இருக்கிறதே! மண்ணுக்குள் போகிற பல்தானே என்று மெழுகைக் கொடுத்தனுப்பினால், அதில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் இரும்புப் பெட்டியை எடுத்தாள். பிளாஸ்டருக்குள் செட்டைப் பதித்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் ஈறு நிற மாவைத் திணித்து, பெட்டியை இறுக்கிக் கொதிக்கிற தண்ணீருக்குள் இறக்கினாள்.

*

டிரைவர் வந்தபோது பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் சபைச் சகோதரர்கள் இரண்டு பேர், பெஞ்சைத் தூக்குவதற்காக.

"இன்னும் ஒண்ணும் எடுத்து வைக்கலியா?"

"வேகுதுங்க. முடிஞ்சதும் தர்றேன்."

"எந்த டாக்டர் செட்டு? திங்கட்கிழமை குடுத்தா ஆகாதா?"

பல்லக்கா நடந்ததைச் சொன்னாள். மீன்வாலைச் சொல்லவில்லை; தெத்துப்பல்லைச் சொல்லவில்லை. செத்தவளுக்கு முகம் வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். சகோதரர்களில் ஒருவர் சிலுவை போட்டுக்கொள்ளாத குறையாகப் பின்வாங்கினார்.

"பிணத்துக்குப் பல்லு!" என்றார் டிரைவர். "ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு? ஜெபம் நடக்கப்போற அறையில பொணத்து வாயை வச்சு வேக வச்சுக்கிட்டு இருக்கே. ஜனங்க ஆத்துமாவைப் பாக்கறதா, இந்தப் பல்லைப் பாக்கறதா? அவருக்குன்னு ஒரு இடம் கேட்டேன். அது கூட உனக்குப் பெரிசா போச்சா?"

"அவர் இங்க இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. 

"நீங்க பஸ் ஓட்டின காலத்துல ஒரு நாள் நான் பின் சீட்டுல உக்காந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. கால் வராத ஒரு பெரியவர் ஏறினாரு. பின்னால அத்தனை வண்டியும் ஹாரன் அடிச்சுது. அவர் உக்கார்ற வரைக்கும் நீங்க பஸ்ஸை எடுக்கல. கண்ணாடி வழியா அவரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. உங்க முகத்தை நான் பாத்தேன். அதுக்கப்புறம் நீங்க எத்தனையோ கூட்டத்துல பேசிட்டீங்க, எல்லாத்துலயும் முன்வரிசையில இருந்திருக்கேன். அந்த முகத்தை மறுபடி நான் பாக்கலைங்க."

 பாத்திரத்துக்குள் இரும்புப் பெட்டி மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டது, உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போல.

"இது வேகுற வரைக்கும் பெஞ்சை யாரும் தொடக்கூடாது" என்றாள்.

டிரைவரின் முகம் சிவந்தது. "போதகர் வரும்போது நீ இங்க இருக்கணும். அவ்வளவுதான் சொல்லுவேன்." சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

பல்லக்கா பெட்டியை ஆறவைத்தாள், உடைத்தாள், செட்டை வழித்தாள், பளபளப்பாக்கினாள். உட்பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடம் லேசாக நெருடியது. அதையும் தேய்த்தாள். கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தமும் போதகரை வரவேற்கிற குரலும் கேட்டபோது, செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, பட்டறை வாசல் வழியாக இறங்கித் தெருவில் நடந்தாள். பிரம்பு நாற்காலியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. யாரோ கூடவே எழுந்து வருகிற மாதிரி முதுகுக்குப் பின்னால் ஒரு கனம் இருந்தது.

*

வெல்டர் பிணவறை வாசலில் நின்றிருந்தார். முப்பத்தைந்தைத் தாண்டிய ஆள். கண்ணோரம் தீப்பொறித் தழும்புகள். "எத்தனை தடவை பாத்தாலும் எங்கம்மா இல்லைங்க" என்று நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கம்மா எங்கேயாவது வழி தெரியாம நின்னுக்கிட்டு இருப்பாங்க. நான் தேடப் போகணும்."

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றாள் நாத்தனார். "அப்புறம் நீங்க போகலாம்."

உள்ளே பல்லக்கா செட்டை எடுத்தாள். முதலில் கீழ் வரிசை. பிறகு மேல் வரிசை. மேல் செட் அண்ணத்தைத் தொட்டதும் சட்டென்று கவ்வியது, காத்திருந்தது போல. உதட்டை இறக்கிவிட்டாள். கன்னத்தை இரண்டு பக்கமும் தடவிவிட்டாள்.

குழிகள் நிரம்பின. மூக்கும் தாடையும் அதனதன் இடத்துக்குப் போயின. மேலுதடு இடப்பக்கம் தெத்துப்பல் மேல் ஏறி, ஒரு சின்னச் சுளிப்பாக நின்றது. எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட சிரிப்பு.

பல்லக்கா நிமிர்ந்து எதிரில் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். குனிந்து கிடந்தவளைப் பார்த்தாள். மேலே ஒரு முகம், கீழே அதே முகம். நடுவில் ஒரு முப்பது வருஷம்.

"என்ன அண்ணி அப்படிப் பாக்கறீங்க?" என்று நாத்தனார் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈரத்தரையில் தன் நிழலைப் பார்க்கிறவள் மாதிரி. தன் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குள் வெல்டர் உள்ளே வந்துவிட்டார்.

"அம்மா" என்றார்.

 கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இறங்கினார்.  "பல்லில்லாம ஒரு நாள் கூட என் முன்னால நின்னதில்லைங்க. படுக்கப் போனா கதவைச் சாத்திட்டுத்தான் கழட்டி வைப்பாங்க. அந்த முகத்தை நான் பாத்ததே கிடையாது." பிறகு பல்லக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கோணப்பல்லு உங்களுக்கு எப்படித் தெரியும்? பல்லெல்லாம் எடுத்தப்புறம் கூட, செட்டுலயும் அதே மாதிரி வேணும்னு அடம்பிடிச்சுக் கட்டிக்கிட்டாங்க. அது இல்லைன்னா யாருக்கும் என்னை அடையாளம் தெரியாதுன்னுவாங்க."

 "கட்டச் சொன்னாங்க, கட்டினேன்" என்று பல்லக்கா வாயில் வந்ததைச் சொன்னாள். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது.

"போதகர் அங்க காத்துக்கிட்டு இருக்காரு, நீ இங்க…"

டிரைவர்தான். கோபத்தோடு வேகமாக வந்தவர், கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டார். பஸ்ஸுக்குக் குறுக்கே யாரோ ஓடி வந்ததும் பிரேக்கில் காலை அழுத்துவாரே, அப்படி. அவர் கண் பல்லக்காவையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த முகத்தை, அதிலும் உதட்டின் இடது ஓரத்தை மட்டும் பார்த்தது.

வாய் ஒரு குழந்தையின் வாய் மாதிரிக் கோணியது. சத்தமே வராமல், வெல்டர் சொன்ன அதே சொல்லைச் சொன்னார். உதடு ஒட்டிப் பிரிந்ததை வைத்துத்தான் பல்லக்கா புரிந்துகொண்டாள்.

வெல்டருக்கு முகம் மாறியது. "நீங்க யாரு? எங்கம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 வெல்டர் அவரை விட்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். இப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். கட்டிலையும் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதானா அது?"

"எது?" என்றாள் நாத்தனார். அவள் குரல் அவளுடையதாக இல்லை.

"இந்த ஊர்ல ஒரு மக இருக்கான்னு போன மாசம்தான் என்கிட்டச் சொன்னாங்க. அதுவரைக்கும் மூச்சு விட்டதில்லை. ஆஸ்பத்திரியில வேலைன்னாங்க. கூட்டிட்டுப் போறேன்மான்னேன். வேண்டாம்டான்னுட்டாங்க. உசிரோட போய் நின்னா கதவைச் சாத்திடுவா. ஆனா அவ செய்யற வேலை அப்படி, நான் எப்படியும் ஒரு நாள் அவ கையிலதான் போய்ச் சேரணும், அன்னிக்குச் சாத்தமாட்டான்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு அப்போ புரியல."

மோட்டார் முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

நாத்தனார் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பார்த்தாள். காலையில் அவள் வாரிவிட்ட தலை, வகிடு பிசகாமல் அப்படியே இருந்தது.

வெளியே வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்து ஓர் ஆள் தலையை நீட்டினான். "அநாதைப் பிணம் ஒண்ணு இருக்குன்னாங்களே, ரெடியா?"

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றாள் நாத்தனார். "போயிட்டு வாங்க."

தலை மறைந்தது. வண்டி கிளம்பிப் போகிற சத்தம் தேய்கிற வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு டிரைவரிடம் போனாள். நடையில் அவசரம் இல்லை. பிணங்களோடு பேசுகிற அதே மெல்லிய குரலில் கேட்டாள்.

"அண்ணா. நான் பொறந்தப்போ அம்மா செத்துட்டாங்கன்னு நீதானே சொன்னே? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒரு கல்லறையைக் காட்டினியே. பூ வைக்கச் சொன்னியே. அவங்களைப் புதைச்சதை நீ பாத்தியா?"

டிரைவர் சுவரில் சாய்ந்தார்.  பல்லக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

"புதைக்கல" என்றார் அவர். "விடியறதுக்கு முன்னாடி… அப்பா தூங்கிக்கிட்டு இருந்தாரு. தாழ்ப்பாள் அம்மாவுக்கு எட்டல, இடுப்புல நீ இருந்தே. போறப்போ உன்னை என் மடியில வச்சுட்டுப் போயிட்டாங்க. ஸ்டூல் போட்டு ஏறி, கதவைத் திறந்து விட்டது நான்தான்."